அண்ணன் பாட்டுக்குப் போட்ட பலகை

எங்கள் அம்மா வீடு திண்டிவனத்தில் ரயில் பாதையை ஒட்டி இருந்தது. அந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு ஒரு பழக்கம் தானாக வந்துவிடும். ரயில் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவோம். சண்டையாக இருந்தாலும் சரி, கல்யாணப் பேச்சாக இருந்தாலும் சரி, பாதி வார்த்தையில் வாயை மூடிக்கொண்டு, கடைசிப் பெட்டி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். கல்யாணமாகி விழுப்புரம் வந்த புதிதில், தூரத்தில் இன்ஜின் கூவினாலும் நான் டக்கென்று நின்றுவிடுவேன். இந்தப் பெண்ணுக்கு ஏதோ வலிப்பு இருக்கிறது, சொல்லாமல் தள்ளிவிட்டுவிட்டார்கள் என்று என் மாமியார் கொஞ்ச நாள் பயந்துகொண்டிருந்தார்.

அதனால்தான் அன்றைக்கு எனக்குச் சட்டென்று தெரிந்தது. அறுபதுகளின் நடுவில் ஒரு நாள், அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ரயில் வந்தது. நான் நிறுத்தினேன், அண்ணி நிறுத்தினார், பக்கத்து வீட்டிலும் சத்தம் அடங்கியது. அண்ணன் மட்டும் பேசிக்கொண்டே போனார். குரலைக்கூட உயர்த்தவில்லை. ரயில் போன பிறகு எங்கள் முகத்தைப் பார்த்தார். நாங்களும் அவரைப் பார்த்தோம். 

அண்ணன் நாடகங்களுக்குப் பாட்டு எழுதுகிறவர். சினிமாவுக்கும் இரண்டு எழுதினார், அதில் ஒரு படம் பெட்டிக்குள்ளேயே தூங்கிவிட்டது. ஆனால் நாடகப் பாட்டு என்றால் எங்கள் பக்கத்தில் அவர் பாட்டுத்தான். திருவாமாத்தூர் திருவிழா நாடகத்தில் பாடினால், மறுநாள் கோலியனூரில் களை எடுக்கிறவர்கள் பாடுவார்கள். யார் எழுதியது என்று ஒருவருக்கும் தெரியாது. அதைப் பற்றி அவருக்கு வருத்தமும் கிடையாது. "பாட்டு போய்ச் சேந்துச்சில்ல, அப்புறம் நான் எதுக்குக் கூடப் போவணும்" என்பார்.

அவருக்கு மெட்டுப் போடுகிறவர் விழுப்புரத்து ஆர்மோனியக்காரர். மாதம் இரண்டு முறை பெட்டியோடு பஸ் ஏறித் திண்டிவனம் போவார். இவர் வாசிப்பார், அண்ணன் தன் தொடையில் தட்டிக்கொண்டே சொல்லைப் போடுவார். அந்த ஒரு வருஷமாக அண்ணன் எழுதுவதில்லை. "சரக்கு தீந்துபோச்சு, இனிமே வராதீங்க" என்று ஆர்மோனியக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார். எப்போதோ வந்த ஒரு விஷக் காய்ச்சலுக்குப் பிறகு காது கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. அதை மறைப்பதற்கு அவர் செய்த தந்திரத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. ஊமைக் கோட்டான் மாதிரி இருந்த மனுஷன், பேச ஆரம்பித்துவிட்டார். யாரையும் வாய் திறக்கவிடாமல் தானே பேசிக்கொண்டிருந்தால், பதில் சொல்லும் வேலை இல்லையே. ஊர் அவருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டதென்று சொன்னது.

எதிரில் இருந்தால் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார். என் முகத்தைச் சின்ன வயதிலிருந்து படித்தவர் என்பதால் என்னிடம் அதுகூடத் தேவைப்படாது. ஆனால் ஆர்மோனியத்துக்கு வாய் ஏது? "மெட்டு காதுல ஏறலன்னா சொல்லு எங்கேர்ந்து வரும் பாப்பா" என்று அன்றைக்கு என்னிடம் ஒத்துக்கொண்டார். வெளியே சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அண்ணி திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது வழி நெடுக அழுதேன். அவர் மறுபடி எழுதவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். எழுதாத என் அண்ணனை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் விழுப்புரத்தில் நாடகங்களுக்கு சீன் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். தர்பார், காடு, தெரு, சிறைச்சாலை என்று வரைந்த படுதாக்கள், மேடைப் பலகைகள், விளக்குகள், ஒரு தங்கக் கலர் சிம்மாசனம். படுதா கிழிந்தால் தைப்பது, வெளுத்தால் வர்ணம் அடிப்பது என் வேலை. காடு சீனில் இருந்த மயில் நான் வரைந்தது. அதைக் கோழி என்று சொன்னவர்களோடு நான் பேசுவதில்லை.

அந்த வருஷம் பொங்கலுக்கு ஊரில் பொருட்காட்சி போட்டார்கள். கமிட்டிக்குத் தலைவர் ஒரு ரைஸ்மில்காரர், நாடகம் என்றால் உயிரை விடுவார். ஒருநாள் எங்கள் கொட்டகைக்கு வந்து, "மெட்ராசுல ஒரு பொருட்காட்சி பாத்தேம்மா. ஒரு கூடாரத்துக்குள்ள போனா மலை, குகை, ஆறு, எல்லாத்துக்குள்ளயும் நாமளே நடந்து போறோம். அது மாதிரி உங்க அண்ணன் பாட்டுக்குள்ள ஜனங்க நடந்து போவணும். வெளிய பெருசா அவர் பேரைப் போடலாம். செய்வீங்களா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் உடனே, "தர்பார் சீன் புதுசா இருக்குது, அதைக் கட்டிடலாம்" என்றார்.

"எங்க அண்ணன் எழுதுன எந்தப் பாட்டுல ராஜா வர்றான்?"

"ராஜா வராட்டி இன்னா, கூட்டம் வரும்."

நான் மில்காரரிடம் செய்கிறோம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், என்ன செய்யப்போகிறோம் என்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். தன் பாட்டை ஊரே வந்து பார்ப்பதை அண்ணன் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும், உள்ளே எது அடைத்துக்கொண்டிருக்கிறதோ அது உடையும்.

நான்கு பாட்டு எடுத்துக்கொண்டேன். நான்கு அறை, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழி. முதலாவது, ரயிலடியில் புருஷனுக்காகக் காத்திருக்கிற பெண்ணின் பாட்டு. அதற்கு ஒரு பெஞ்சு, ஒரு அரிக்கேன் விளக்கு, படுதாவில் தூரத்தில் புகையோடு ரயில். இரண்டாவது, சந்தையில் மல்லாட்டை விற்கிறவளும் வாங்க வந்தவனும் போடுகிற சண்டைப் பாட்டு. "தராசு மேல கையா, என் மேல கண்ணா" என்று தொடங்கும். அதற்கு நிஜ வேர்க்கடலை மூட்டை, நிஜத் தராசு. மூன்றாவது தாலாட்டு, பிள்ளை தூங்குவதற்கு முன்னால் அம்மா தூங்கிவிடுகிற தாலாட்டு. அங்கே மேலேயிருந்து புடவைத் தூளி. கடைசி, மழைப் பாட்டு. "ஏரி நெறஞ்சா எனக்கென்னடி, என் எரவாணம் ஒழுகுதடி." அதற்கு மேலே தகரக் கூரை போட்டு, ஓட்டை போட்ட மூங்கிலில் தண்ணீர் விட்டு, சுற்றிலும் சொட்டச் சொட்ட வெட்டிவேர்த் தட்டி கட்டினோம். உள்ளே நுழைந்தால் மழை வாசனை வரவேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

பொருட்காட்சி நடந்த இடம் அறுவடை முடிந்த வயல். மற்ற அறைகளுக்கு ஆற்றுமணல் கொட்டிவிட்டோம். மழை அறையில் தண்ணீர் விட்டால் சேறாகிவிடுமே. அதனால் எங்கள் மேடைப் பலகை அத்தனையும் கொண்டுவந்து அங்கே அடித்தோம். பலகைக்கு வாடகை கிடைக்காதே என்று என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மேடைப் பலகையைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் நாடகக்காரர்கள் ஏறுவார்கள். செருப்புக் காலோடு ஒருத்தரும் ஏறக்கூடாது, கலெக்டரே வந்தாலும் கழற்றிவிட்டுத்தான் வரவேண்டும். வாசலில் தானே நின்று பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

ஒத்திகைக்கு எங்கள் தெருக்காரர்களை வரச்சொன்னோம். வந்தார்கள். முதல் அறைக்குள் நுழைந்தார்கள், படுதாவைப் பார்த்தார்கள், பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் பிள்ளைகள், பின்னால் பெண்கள், ஓரமாக ஆண்கள். ஒருவர் துண்டை உருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தேவிட்டார்.

"எந்திரிங்க, உள்ள நடக்கணும்" என்றேன்.

"மொதல்ல நாடகம் ஆவட்டும்மா."

"நாடகம் இல்ல."

"நாடகம் இல்லன்னா சீன் எதுக்குக் கட்டினீங்க?"

படுதாவைக் கண்டால் உட்கார்ந்து பழகிய ஊர். கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். ஒரு கிழவர், "ஜல்தி ஆரம்பிம்மா, மாடு கட்டணும்" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கரைசேர்த்தவர் ஆர்மோனியக்காரர். படுதாவுக்குப் பின்னால் மிருதங்கக்காரரோடு உட்கார்ந்து ரயிலடிப் பாட்டை வாசித்துப் பாடிக்கொண்டிருந்தவர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் பின்னால் போய் சந்தைப் பாட்டை ஆரம்பித்தார். கூட்டம் அந்தப் பக்கம் தலையைத் திருப்பியது. அப்புறம் எழுந்தது. பாட்டு எங்கே போயிற்றோ அங்கே போயிற்று. அடுத்த அறைக்குத் தாலாட்டு கூப்பிட்டுப் போனது, கடைசியில் மழை. அங்கே மறுபடி உட்கார்ந்தார்கள், பலகை மேல் வசதியாக. போக வேறு இடமில்லை, சரி, உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன். பின்கதவு வைத்து ஒவ்வொரு கூட்டமாக அனுப்பினோம்.

பொருட்காட்சி தொடங்கியதும் கூட்டம் அலைமோதியது. வானூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். மூட்டையிலிருந்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டே சந்தைப் பாட்டைக் கேட்டார்கள், தினம் ஒரு மூட்டை போட்டோம். தூளியில் உண்மையான பிள்ளைகளைப் போட்டுவிட்டு, "செத்த பாத்துக்கம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பெண்கள் மழை பார்க்கப் போனார்கள். நான் தூளி ஆட்டினேன். அத்தனை பேரும் வெளியே போகும்போது, "இதெல்லாம் ஒரே ஆளு எழுதினதா?" என்று கேட்டார்கள். ஆமாம், எங்கள் அண்ணன் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அண்ணன்தான் வரவில்லை. திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டபோதும் வரவில்லை. வந்தால் மேடை ஏற்றுவார்கள், ஏதாவது கேட்பார்கள், இவர் ஒன்று கிடக்க ஒன்று சொல்வார், குட்டு உடைந்துவிடும். நான் திண்டிவனத்துக்கே போய் எதிரில் உட்கார்ந்து, அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்: "நீ வரலன்னா, நான் எல்லாத்தையும் பிரிச்சு எரிச்சிடுவேன்."

"எரிக்க மாட்டே. மயிலு வரைஞ்சவளாச்சே" என்றார். ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டார்.

யாருக்கும் சொல்லாமல் ஒரு சாயங்காலம் கூட்டத்தோடு கூட்டமாக அழைத்துப்போனேன். முதல் அறை நிரம்பியிருந்தது. அண்ணன் அங்கே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். படுதாவைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், வாயைத் திறந்து பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த முகங்களைப் பார்த்தார். லேசாகச் சிரித்தார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அந்த நேரம் பார்த்து மூன்றாவது அறையில் ஒரு பிள்ளை வீறிட்டது, நான் ஓடினேன்.

பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். பாட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டிருந்தது. கூட்டமும் அதன் பின்னால் போய்விட்டது. முதல் அறையில் ஒரு ஈ காக்கை இல்லை. அண்ணன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், ரயிலைத் தவறவிட்டவர் மாதிரி. எல்லோரும் ஏன் எழுந்தார்கள், எங்கே போனார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் பாட்டுக்காகக் கட்டிய இடத்தில், அவர் ஒருவருக்கு மட்டும் வழி தெரியவில்லை. நான் அல்லவா கட்டினேன் அதை. பாட்டு கூப்பிடும், ஜனங்கள் வருவார்கள் என்று பெருமையாக எல்லோரிடமும் சொன்னேனே. அந்த மணலிலேயே உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது.

"முடிஞ்சிடுச்சா பாப்பா?" என்று கேட்டார்.

நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். சந்தை அறையைத் தாண்டி, தூளி அறையைத் தாண்டி, நேராக மழை அறைக்கு. பாட்டாவது போகட்டும், தண்ணீர் சொட்டுவதைக் கண்ணால் பார்க்கட்டும், வெட்டிவேரை முகரட்டும், அதற்குக் காது வேண்டாமே. எனக்கு இருந்த கோபத்தில் வாசலில் நின்ற என் வீட்டுக்காரரை இடித்துத் தள்ளிவிட்டுத்தான் போனேன்.

அவர் குறுக்கே கையை நீட்டினார். "மச்சான், செருப்பு."

"ஏங்க, உங்களுக்கு நேரங்காலமே இல்லையா?"

"பலகை அது" என்றார். அவ்வளவுதான் அவருக்கு.

அண்ணன் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார். குனிந்து பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். உள்ளே கூட்டம் வந்து உட்கார்ந்திருந்தது. தட்டிக்குப் பின்னால் அதே பலகையில் உட்கார்ந்துகொண்டு ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் மழைப் பாட்டை ஆரம்பித்திருந்தார்கள். அண்ணன் இரண்டடி வைத்தார். நின்றார். கீழே தன் காலைப் பார்த்தார்.

என்ன ஆயிற்று, ஆணி குத்திவிட்டதா என்று நான் குனிந்தேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையைப் பலகையில் பதித்தார். தண்ணீர் தலையில் சொட்டியது, துடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொரு கை தானாகத் தொடைக்குப் போயிற்று. தட்டினார். அந்தத் தட்டைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. ஜனங்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அண்ணனின் தொடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது அடி திரும்பி வந்தபோது அவர் முகம் சுளித்தது. கையைத் தூக்கினார். நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாக, "யாருய்யா அது மிருதங்கம், எரவாணம்ங்கற எடத்துல இன்னா அவசரம்? மழை நிக்கறதுக்குள்ள வூடு போவணுமா?" என்றார்.

பாட்டு நின்றுவிட்டது. தட்டிக்குப் பின்னாலிருந்து ஆர்மோனியக்காரர் தலையை நீட்டினார். மிருதங்கக்காரரும் நீட்டினார். மிருதங்கம் அந்த இடத்தில் முந்தி ஓடுகிறது என்று ஆர்மோனியக்காரர் முதல் நாளிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தது எங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

"அண்ணே, உங்களுக்குக் கேக்குதா?" என்றார் ஆர்மோனியக்காரர். அவருக்கு விஷயம் எப்போதோ தெரிந்திருக்கிறது. அத்தனை நாளும் தெரியாத மாதிரி இருந்திருக்கிறார், நல்ல மனுஷன்.

அண்ணன் அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு, அத்தனை ஜனத்துக்கு நடுவில், "கேக்கல. காது போயி ரொம்ப நாளாச்சு. பலகை அதிருது, அது போதும். நீ வாசி" என்றார். மறைப்பதற்காக என்னிடம் சத்தியம் வாங்கிய மனுஷன், தேங்காய் மாதிரி போட்டு உடைத்துவிட்டார். கூட்டத்தில் ஒரு அம்மாள் முந்தானையை எடுத்து அவர் தலையைத் துவட்டிவிட்டார். யார் என்றுகூட எனக்குத் தெரியாது.

அந்தப் பொங்கல் முடிந்து எல்லாவற்றையும் பிரித்தபோது, பலகையில் பாதியை வண்டியில் ஏற்றித் திண்டிவனத்துக்கு அனுப்பினேன். "மேடைக்கு நான் இன்னா பண்றது? பேஜாரு புடிச்ச குடும்பம்" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். கத்திக்கொண்டே தானும் வண்டியில் ஏறிப் போய், அண்ணன் அறையில் கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, சுவருக்குச் சுவர் பலகையைத் தானே அடித்துவிட்டு வந்தார். அந்த ஆணிகளுக்காகவே நான் அவரோடு இன்னும் பத்து வருஷம் சண்டை போடாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

ஆர்மோனியக்காரர் மறுபடி பஸ் ஏறத் தொடங்கினார், மிருதங்கக்காரரையும் கூட்டிக்கொண்டு. "மெட்டை நீ பாத்துக்கோ, தட்டு எனக்குப் போதும்" என்று அண்ணன் சொல்லிவிட்டாராம்.

மாசி மாதம் நான் திண்டிவனம் போனேன். ஒரு நாடகத்துக்கு, காதலனைப் பார்க்கிற பெண்ணுக்குப் பாட்டு வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். அண்ணன் பலகையில் கவிழ்ந்து படுத்திருந்தார், கன்னத்தைப் பலகையில் வைத்து. மிருதங்கக்காரர் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"யாரும் சொல்லல நீ வர்றேன்னு, மண்ணு சொல்லிச்சு" என்றார்.

அதற்கடுத்த அடியைத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். கையைத் தூக்கினார்.

"இரு பாப்பா. வண்டி போவட்டும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுப்படியிலிருந்து அண்ணியும் எட்டிப் பார்த்தார், அவருக்கும் கேட்கவில்லை. மிருதங்கக்காரரும் கையை நிறுத்தினார், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தூரத்தில் ரயில் கூவியது.